குடியும் பிரசாவுரிமையும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் நிரந்தரவாசம் பற்றிய சில குறிப்புகள்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடமேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் சத்துருக்கொண்டான், ஏறாவூர், வந்தாறுமூலை, சந்திவெளி என்னும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இப்பெயர்களை ஒரே கதையின் உறுப்புகளாகக் கொண்டு விளக்கும் வாய்மொழி மரபொன்று இப்பகுதியில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. முக்குவருக்கும் திமிலருக்கும் மூண்ட போரிலே பட்டாணியர் எனப்பட்ட முஸ்லிம் வணிகர் முக்குவருக்குத் துணைநின்றனர் என்றும், பகைவரை வென்ற இடம் சத்துருக்கொண்டான் ஆயிற்று என்றும், வென்று மீண்டோர் வந்து இளைப்பாறிய மூலை வந்தாறுமூலை என்றும், திமிலர் மறுபடியும் ஏறிவராவண்ணம் காவல் வைத்த ஊர் ஏறாவூர் என்றும் அம்மரபு கூறும். இவ்விளக்கங்கள் சொற்பிறப்பியலாளரின் சோதனைக்கு நின்றுபிடிக்குமா என்பது வேறு விடயம். எமக்கு முக்கியமாகப்படுவது கதையின் முடிவே. துணைநின்ற பட்டாணியருக்கு யாது கைம்மாறு வேண்டும் என்று கேட்கப்பட்டபொழுது, அவர்கள் முக்குவப் பெண்களை மணந்து அவ்விடத்திலேயே தங்கினர் என்றும், அதனால் முக்குவரின் குடிகள் அவர்களுக்கும் உரியனவாயின என்றும் கதை முடிகின்றது.

இதனைப் போர்க்கதையாகவே பலரும் படித்துள்ளனர். வெளியிலிருந்து வந்த ஒருவன் எவ்வாறு ஊரவன் ஆகின்றான் என்ற வினாவுக்கு ஒரு சமூகம் தனக்குத்தானே கூறிக்கொண்ட விடையாக இதனைப் படித்துப் பார்க்கலாம் என்பது எமது கருத்து. இவ்வினா ஏட்டளவில் நின்றுவிட்ட ஒன்றன்று. 1949 ஓகஸ்ட் 5 முதல் 1951 ஓகஸ்ட் 5 வரையான ஈராண்டுகளில், இந்நாட்டிலே எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதரின் சார்பில் இதே வினாவுக்கு அரசாங்கப் படிவத்திலே விடை எழுதப்பட்டது. முந்திய விடைக்கும் பிந்திய விடைக்கும் இடையே உள்ள தூரம் எத்தகையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. குடியிருத்தல், குடிபெயர்தல், குடியானவன், குடிமகன் என்று ஒரே அடியிலிருந்து கிளைத்த சொற்கள் வாழிடத்தையும் உழவையும் ஆளப்படும் நிலையையும் சுட்டி நிற்கின்றன. ஆயினும் திருக்குறளிற் குடிமை என்னும் அதிகாரம் பேசுவது உயர்குடிப் பிறப்பின் இயல்புகளையே. இங்கு வாழ்பவன் என்ற பொருளும் இன்னாருக்குப் பிறந்தவன் என்ற பொருளும் இச்சொல்லினுள்ளே தொன்றுதொட்டுப் போரிட்டு வந்துள்ளன. இலங்கையின் தமிழ் நிருவாக மொழி இச்சிக்கலைத் தவிர்த்துப் பிரசாவுரிமை என்ற வடசொல்லை நெடுங்காலம் வழங்கியது. பிரசை என்ற சொல்லுக்கும் மகவு என்றே முதற்பொருள் என்பதனால் தவிர்த்ததாகச் சொல்வதும் பொருந்தாது.

மட்டக்களப்பிலே குடி என்பது தாய்வழிக் குலம். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனார் குடி என முக்குவரிடையே வழங்கும் குடிப்பெயர்கள் பலவும் ஏனைய சாதியினரிடையே வழங்கும் குடிப்பெயர்களும் தாய்வழியாகவே இறங்குவன. பிள்ளைக்குத் தாயின் குடியே உரியது. ஒரே குடியினுள் மணவினை கூடாது. வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகச் செல்வதால் மணமகன் மனைவி வீட்டிற்குச் சென்று வாழ்கின்றான். கோவிலிற் குடியின் சார்பில் வண்ணக்கரும், பள்ளிவாசலிற் குடியின் சார்பில் மரைக்காரும் அமர்கின்றனர். தமிழரும் முஸ்லிம்களும் மதத்தால் வேறுபட்டும் இவ்வமைப்பால் ஒன்றுபட்டிருப்பது இப்பிரதேசத்தின் தனிச்சிறப்பு என்பதை எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் வெளியிட்ட நூல் முதல், வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) ஊடாக, அண்மைக்கால மானிடவியலாளர் ஆய்வுகள் வரை எல்லாம் எடுத்துக்கூறியுள்ளன.

இவ்வமைப்பிலே வந்தேறியின் நிலை யாது? வந்தவன் ஆணாயின் விடை எளிது. அவன் தன் ஆயுள் முழுதும் அயலவனாகவே கருதப்படலாம். ஆனால் அவனுடைய பிள்ளைகள் பிறந்த கணமே தாயின் குடியினர். அவன் எங்கிருந்து வந்தான், அவனுடைய தந்தை எங்கே பிறந்தார், பாட்டனுக்கு எந்நாட்டிற் காணி இருந்தது என்ற வினாக்கள் எழவே வேண்டியதில்லை. ஒரு தலைமுறையிலே அந்நியம் கரைந்துவிடுகின்றது. ஏடும் எழுத்தும் இன்றி, ஊரறிய நடந்த மணவினையும் ஊரறிய உழுத வயலும் சான்றாக இச்சேர்ப்பு நிகழ்கின்றது.

இதனை வாவிக்கரை மக்களின் பெருந்தன்மை என்று போற்றிவிட்டு அமைவது ஆய்வாகாது. பெருந்தன்மைக்கும் ஓர் உற்பத்தி அடிப்படை உண்டு. எழுவான்கரை எனப்படும் கடலோர மணற்றரையிலே மக்கள் நெருங்கி வாழ்ந்தனர், வாவிக்கு மேற்கே படுவான்கரையிலோ வயலாகக்கூடிய நிலம் பரந்து கிடந்தது, ஆட்களே போதவில்லை. குளங்களும் காய்ச்சலும் காட்டுமிருகங்களும் ஆளின் அருமையை மேலும் கூட்டின. போடியாரின் செல்வம் நிலத்தின் பரப்பினாலன்றி அந்நிலத்தில் இறங்கும் முல்லைக்காரரின் தொகையினாலேயே அளக்கப்பட்டது. ஆளில்லாத காணிக்குப் பெறுமதியில்லை. ஆகவே வந்தவனைத் தடுப்பதிலும் பார்க்க அவனைப் பிணைத்து வைப்பதே நிலவுடைமையாளருக்கு நலம் பயப்பதாயிற்று. மணவினை அப்பிணைப்பின் மிக உறுதியான வடிவம்.

அரசரின் கொள்கையும் இதற்கு முரணானதன்று. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப்பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபொழுது, கண்டியரசன் செனரத் அவர்களுள் நாலாயிரம் பேரை மட்டக்களப்பிலே குடியேற்றினான் எனப் போர்த்துக்கேயப் பாதிரியாரான குவேறோஸ் எழுதியுள்ளார். அத்தொகையை எழுத்துக்கெழுத்து நம்பவேண்டியதில்லை. அதற்கு முன்னரும் இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர் என்பதையும் மறக்கலாகாது. ஆயினும் கடற்கரையைப் பகைவரிடம் இழந்துகொண்டிருந்த ஓர் அரசனுக்கு உழவரும் வணிகரும் வேண்டியிருந்தனர் என்பதில் ஐயமில்லை. இரண்டாண்டுகளுக்குள், 1628இல், போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டத் தொடங்கினர். 1638இல் அது ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது. கோட்டையைக் கட்டியோரும் கைப்பற்றியோரும் போய்விட்டனர். அடைக்கலம் புகுந்தோரின் சந்ததியினர் வாவியின் இருமருங்கிலும் உழுதும் நெய்தும் மீன்பிடித்தும் வாழ்கின்றனர்.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். தாய்வழி முறையைக் கண்டதும் ஏங்கெல்சின் 1884ஆம் ஆண்டு நூலை நினைந்து, இங்கே ஆதிப் பொதுவுடைமையின் எச்சத்தைக் காண முற்படும் ஆர்வம் எம்மவர் சிலரிடம் உண்டு. முக்குவர் சட்டத்தின்படி முதுசச் சொத்து பெண்வழி இறங்கியதேயன்றிப் பெண்ணால் ஆளப்படவில்லை; தாய்மாமனும் மருமகனுமே அதன் நடைமுறை உரிமையாளர். அச்சட்டத்தைப் பற்றிப் பிறிற்றோ நூல் வெளியிட்ட 1876ஆம் ஆண்டிலேயே விவாக உரிமைகள், மரபுரிமை பற்றிய கட்டளைச்சட்டமும் பிறந்து அதன் வாழ்வை முடித்துவைத்தது. பட்டாணியர் கதையிலேகூடப் பெண் யாது கருதினாள் என்று எவரும் கேட்கவில்லை. கைம்மாறாகக் கொடுக்கப்பட்டவள் அவள்.

மற்றையது இதனினும் பாரதூரமானது. நூற்றாண்டுகளாக அம்மண்ணிலேயே பிறந்து, உழைத்து, மடிந்தும், கோவில் வரிசையில் இடம்பெறாத மக்கட்பிரிவினர் அங்கு இருந்தனர். சிறைக்குடிகள் என்ற பெயரே அவர்களது நிலையைக் கூறப் போதும். நிரந்தரவாசம் வேறு, உரிமை வேறு என்ற பிரிவினையைக் கற்க வாவிக்கரை 1948 வரை காத்திருக்கவில்லை. குடியமைப்பு அணைத்துக்கொள்ளும் கை மட்டுமன்று. யாரை எந்தப் படியில் நிறுத்துவது என்று தீர்மானிக்கும் கையும் அதுவே.

இனி மலைநாட்டை நோக்குவோம். வாவிக்கரையிலிருந்து மேற்கே பதுளை வீதியாற் சென்றால் ஒரு நாட்பொழுதிலே தேயிலை தொடங்கிவிடுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொட்டு முதலிற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர் அங்கே நிலைகொண்டனர். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழராகக் கணிக்கப்பட்டோர் ஏறத்தாழ 780,000 பேர். இங்கும் ஆள் அருமைதான். இங்கும் ஆளைப் பிணைத்து வைப்பதே முதலாளியின் தேவை. வயலுடையோன் மணவினையாலும் வாரத்தாலும் பிணைத்தான். தோட்டத்துரையோ கடனாலும் கடதாசியாலும் பிணைத்தான். கங்காணியின் கணக்கிலே தொழிலாளிக்கு எவ்வளவு கடன் உண்டு என்பதை எழுதிய துண்டே அவன் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கான விலையாயிற்று. துண்டுமுறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. அதன்பின்னரும் தொழிலாளியின் வாழ்க்கை பற்றிய எழுத்துச் சான்றுகளிற் பெரும்பாலானவை, அவன் பேர் பதிந்த செக்ரோல் உட்பட, தோட்டத்துக் காரியாலயத்திலே துரையின் பொறுப்பிலேயே இருந்தன. இது பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது.

நிரந்தரவாசத்தை எழுத்தால் நிறுவுமாறு இலங்கை முதன்முதலிற் பெருந்தொகையினரைக் கேட்டது 1931இல். டொனமூர் அரசியலமைப்புடன் வந்த தேர்தல் விதிகளின்படி, இலங்கையை உரிய வாழிடமாகக் கொண்டோருக்கும், படிப்பும் சொத்தும் உடையோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. எஞ்சியோர் ஐந்தாண்டு வாசத்தைக் காட்டி, நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்தை வெளிப்படுத்தி, நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் பெறவேண்டியிருந்தது. அச்சான்றிதழைப் பெறுபவர் ஏனைய பிரித்தானியப் பிரசைகளுக்கில்லாத விசேட பாதுகாப்பு எதனையும் கோருவதில்லை என்று துறந்துவிடவும் வேண்டும். துறப்பு உடனடியானது, அதற்கீடாகக் கிடைப்பது நிச்சயமற்றது என்பதனாற் போலும் அதனை நாடியோர் சிலரே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டமும் கிராமசபைகள் பற்றிய சட்டங்களும் தோட்டத்தொழிலாளரை முடிக்குரிய காணியிலிருந்தும் கிராமசபை வாக்குரிமையிலிருந்தும் விலக்கி வைத்தன. சுதந்திரத்திற்கு முன்னரே அத்திவாரம் இடப்பட்டாயிற்று.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வாவிக்கரை மாணவன் ஒருவனுக்கு வியப்பூட்டவேண்டிய சட்டம். அச்சட்டத்துக்கு முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும்; அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்பது, மணவினைக்குப் புறம்பாகப் பிறந்தோர் தவிர்ந்த எவருக்கும், பொருட்டன்று. மட்டக்களப்பு எந்த வழியை அடிப்படையாகக் கொண்டு மனிதரை இனங்கண்டதோ அவ்வழியைச் சட்டம் காணவேயில்லை. தாய்க்கும் தந்தைக்கும் இவ்விடயத்தில் இலங்கைச் சட்டம் சமத்துவம் வழங்கியது 2003இலேதான். இன்னொன்றும் நோக்கற்பாலது. பாட்டனின் பிறப்பைப் பத்திரத்தால் நிறுவக்கூடியவர் வாவிக்கரையிலே எத்தனை பேர்? பிறப்புப் பதிவு 1890களின் பிற்பகுதி வரை கட்டாயமாக இருக்கவில்லை. சட்டத்தின் வாசகம் எல்லோருக்கும் பொதுவாகவே இருந்தது. சான்று கொண்டுவா என்று கேட்கப்பட்டோர் ஒரு சாராரே.

எஞ்சியோருக்கென வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வாசிகள் சட்டம். 1946 சனவரி 1க்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கே வசித்திருக்கவேண்டும்; ஒரு தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டு நீங்கியிருந்தால் வாசம் அறுந்துவிடும்; மனைவி மக்களின் வாசத்தையும் காட்டவேண்டும்; போதிய வருமானத்தை நிறுவவேண்டும்; விண்ணப்பம் சத்தியக்கடதாசியோடு அமையவேண்டும். இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலிற் சட்டத்தைப் பகிஷ்கரித்துப் பின்னர் மனம்மாறியதால் விண்ணப்பங்கள் கடைசி மாதங்களிற் குவிந்தன. மொத்தம் ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள். பத்தாண்டுக்கு மேல் நடந்த பரிசீலனையின் முடிவிலே பிரசாவுரிமை கிட்டியது ஏறத்தாழ 134,000 பேருக்கு மட்டுமே.

ஏன் இவ்வளவு குறைந்தது? எண்ணற்ற சிறுசிறு காரணங்கள் காட்டப்பட்டன. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு பெயர். தோட்டம் கைமாறியபோது தொலைந்த புத்தகம். பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற மனைவி. இவற்றுள் ஒன்றுமட்டும் விரிவாக நோக்கத்தக்கது. குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின்கீழ், பிரசாவுரிமை இன்னும் கிட்டாத ஒருவர் தாயின் மரணத்துக்காகத் தமிழகம் சென்று திரும்புவதற்குத் தற்காலிக வாச அனுமதிப்பத்திரம் பெறவேண்டியிருந்தது. ஊரிலிருக்கும் முதியோருக்குப் பணம் அனுப்புவதற்கும் நாணயக் கட்டுப்பாட்டு விதிகளின்கீழ் தம்மைத் தற்காலிக வாசி என்று கூறிக்கொள்ளவேண்டியிருந்தது. இவ்விரு கடதாசிகளும் பின்னர் நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இவரிடம் இல்லை என்பதற்குச் சான்றாக எடுக்கப்பட்டன. அரசின் ஒரு காரியாலயம் எழுதச் சொன்னதை எழுதியவர், மற்றைய காரியாலயத்தில் அதே எழுத்தினாற் குற்றஞ்சாட்டப்பட்டார். வாசம் கண்ணாற் காணத்தக்கது. எண்ணமோ அவ்வாறன்று, எண்ணத்தை நிறுவுமாறு கேட்கும் அரசு நிராகரிப்பதற்கான வழியைத் தன் கையில் வைத்துக்கொள்கின்றது. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் ஒருவருக்கு இங்கே தங்கும் எண்ணம் உண்டா என்று ஐயுறுவது சட்ட நுட்பமாகத் தோன்றலாம். உழைப்பு வேண்டும், உழைப்பவனின் வாக்கு வேண்டாம் என்பதே அந்நுட்பத்தின் சாரம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றதும், வேறு தொகுதிகளில் தோட்டத்தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குச் சென்றதும் ஆளும் வர்க்கத்தால் மறக்கப்படவில்லை. அவ்வெழுவருள் ஒருவர் தலவாக்கலையிலிருந்து சென்ற எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. 1952இல் கொழும்பிலே 140 நாட்கள் சத்தியாக்கிரகம் நடந்தது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகம் சட்டங்கள் செல்லுபடியாவனவே என்று தீர்த்துவிட்டது.

அதே 1949இல் வாவிக்கரையின் தெற்கே இன்னொரு குடியேற்றம் தொடங்கியது. பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கல்லோயாத் திட்டம் உருவாயிற்று. அங்கே வந்தோருக்குக் காணியும் வீடும் அரசே கொடுத்தது. நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் உண்டா என்று அவர்களை எவரும் விசாரிக்கவில்லை. குடியேறியோரிற் பெரும்பான்மையினர் சிங்கள விவசாயிகள். இதனால் வாவிக்கரையில் எழுந்த அச்சமும் 1956 யூனில் அங்கே சிந்திய இரத்தமும் அறியப்பட்டவையே. ஆயினும் அக்குடியேற்றவாசிகளிற் பலர் நிலமற்ற ஏழைகள் என்பதையும், 1840இன் முடிக்குரிய காணிச் சட்டத்தோடு பெருந்தோட்டங்களுக்கு நிலத்தைப் பறிகொடுத்த சமூகத்திலிருந்து வந்தவர்கள் அவர்களுள் இருந்தனர் என்பதையும் நாம் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரே பெருந்தோட்டம் ஒருவனை நிலமற்றவனாகவும் இன்னொருவனை நாடற்றவனாகவும் ஆக்கியது. இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது அரசியல்.

இடதுசாரி இயக்கத்தின் பங்கு பற்றியும் கூறியாகவேண்டும். 1948இல் சமசமாசிகளும் கம்யூனிஸ்டுகளும் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தனர், அது பெருமைக்குரியது. 1964 யூனில் லங்கா சமசமாசக் கட்சி அமைச்சரவையிற் புகுந்தது. ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 மனிதரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்க்கலாம் என்று பங்கிடப்பட்டது. 1974இல் அவ்வெச்சத்தையும் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இலங்கைப் பிரசாவுரிமை கோரியோர் தொகையோ ஒதுக்கப்பட்ட தொகையின் இருமடங்குக்கு மேலாயிருந்தது. தொழிலாளி வர்க்கத்தின் மிகப்பெரும் பகுதியை விகிதாசாரக் கணக்காக மாற்றிய அவ்வொப்பந்தத்தை அமைச்சர் பதவியிலிருந்து ஏற்றுக்கொண்டவர்கள் எமது ஆசான்கள். இதனை எழுதுவது எமக்கு இலகுவானதன்று.

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் மலையக மக்களை வடக்கு, கிழக்கு நோக்கித் தள்ளின. அவர்களுள் ஒரு பகுதியினர் மட்டக்களப்பு மாவட்டத்தின் மேற்கு, வடமேற்கு எல்லைகளிலே காடு வெட்டிக் குடியமர்ந்தனர். 1976இல் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், வைத்தியர் இராஜசுந்தரம் ஆகியோர் தொடக்கிய காந்தீயம் அமைப்பு இவ்வாறு வந்தோருக்குத் துணைநின்ற அமைப்புகளில் முக்கியமானது. 1983 ஏப்பிரலில் இருவரும் கைதாயினர். இராஜசுந்தரம் அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். தப்பிய கைதிகள் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டனர். செப்டெம்பர் 23ஆந் திகதி அச்சிறை உடைக்கப்பட்டபோது வெளியேறியோருள் டேவிட்டும் ஒருவர். நாடற்றோருக்குக் குடியிருப்பமைத்த அவர் முப்பதாண்டுக்கும் மேலாகத் தமிழகத்திலே அகதியாகவே வாழ்ந்து, 2015இல் தாயகம் திரும்பி அவ்வாண்டிலேயே கிளிநொச்சியில் மறைந்தார்.

சட்டத்தின் கணக்கு 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஓரளவும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் பெருமளவும் தீர்க்கப்பட்டது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவழியினரும் அவர்தம் சந்ததியினரும் பிரசைகளே என்றது கடைசிச் சட்டம். பத்து நாட்களுக்குள் ஏறத்தாழ 190,000 பேர் அதன் பயனைப் பெற்றனர் என ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனம் அறிவித்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளாக முடியாதது பத்து நாளில் முடிந்ததெனின், முடியாமையின் காரணம் சான்றின்மை அன்று. இந்தியாவுக்கு அகதிகளாக ஓடியவர்களை மட்டும் அச்சட்டமும் தவறவிட்டது. இடையறாத வாசம் என்ற பழைய விதி மீண்டும் தலைகாட்டியது. 2009இலே ஒரு திருத்தம் வேண்டியிருந்தது.

1983க்குப் பின் வாவிக்கரையின் பிள்ளைகளே வேற்று நாடுகளின் படிவங்களை நிரப்பத் தொடங்கினர். சுவிற்சலாந்தின் ‘சி’ அனுமதி என்றால் யாது, கனடாவின் நிரந்தரவாசி ஐந்தாண்டில் எத்தனை நாள் அங்கே தங்கவேண்டும் என்பன களுவாஞ்சிக்குடியிலும் ஆரையம்பதியிலும் திண்ணைப் பேச்சு. எழுநூற்று முப்பது நாள் என்ற கணக்கை அறிந்த இளைஞர், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் பன்னிரண்டு மாதக் கணக்கை அறிந்திருப்பதில்லை. அறிவதற்கு அவர்களுடைய பாடநூல்களும் உதவவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாட்டார் பாடல் சேகரிப்பின் பொருட்டுப் படுவான்கரைக்கும் மேற்கேயுள்ள ஒரு குடியிருப்புக்கு நாம் சென்றிருந்தோம். மண்முனைத் துறையிற் பாலம் அமைந்துவிட்டதால், முன்னர் ‘பாதை’ எனப்பட்ட மிதவைக்குக் காத்திருக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. 1977இன் பின் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் பாட்டுக்குப் பதிலாக ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். அதனுள் தோட்டத்தை விட்டு நீங்கும்பொழுது கொடுக்கப்படும் பத்துச்சீட்டு. அவருடைய தந்தை 1951இல் அனுப்பிய விண்ணப்பத்துக்கான பதிவுத்தபாற் சீட்டு. 2003இன் பிரகடனப் பிரதி. “பேரு பதியிறதுன்னு தோட்டத்துல சொன்னா வேலை குடுக்கிறது தம்பி, கச்சேரியில சொன்னா நாடு குடுக்கிறது. அப்பாவுக்கு மொதலாவது மட்டுந்தான் கெடைச்சுச்சு” என்றார். தந்தையின் விண்ணப்பம் யாதாயிற்று என்று அவருக்குத் தெரியாது. பதில் வரவேயில்லையாம்.

அவருடைய மகன் அயலூர்ப் பெண்ணொருத்தியை மணந்து அவ்வூரிலேயே வாழ்கின்றார். மகளை அவ்வூர் இளைஞரொருவர் மணந்து இங்கே வந்து வாழ்கின்றார். அயலூர் அம்மன் கோவிலின் வருடாந்தச் சடங்கிலே குடிக்கொரு நாட் பூசை நடப்பது வழக்கம். மகனின் பிள்ளைகளுக்குத் தாய்வழியிற் குடி உண்டு. அக்குடியின் பூசை நாளன்று அவர்கள் முன்னே நின்று மடை வைக்கின்றனர். மகளின் பிள்ளைகளுக்குத் தந்தை ஊரவர், எனினும் குடி இல்லை. தாயிடம் இருந்தாலன்றோ வரும். தந்தைவழியைக் கேட்ட சட்டத்தின் முன் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பட்டாணியரை ஒரு தலைமுறையிற் கரைத்துக்கொண்ட அதே விதி, வந்தவள் பெண்ணாயிருப்பின் அவளுடைய வழியை எத்தனை தலைமுறைக்கும் வெளியே நிறுத்திவிடும் என்பதை, இவ்வமைப்பைப் பற்றி நாம் படித்திருந்த நூல்கள் எமக்கு உணர்த்தியிருக்கவில்லை.

பேத்திக்கு அப்பொழுது பத்து வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் உங்கள் குடி யாது என்று தோழிகள் கேட்டதாகவும், தான் ‘மலையகக் குடி’ என்று சொன்னதாகவும் அவள் எம்மிடம் கூறினாள். அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாட்டி எம்மைக் கேட்டார். இவ்வாண்டுச் சடங்கிலே ஒரு நாளின் மாலைப் பூசையைத் தங்கள் குடியிருப்புக்கு ஒதுக்குமாறு வண்ணக்கர்மாரிடம் கேட்டிருப்பதாகவும், கடிதம் எழுதித் தந்தால் நன்று என்றும் மருமகன் சொன்னார். எழுதிக் கொடுத்தோம். அதன் பிரதியொன்றை மடித்து மூதாட்டி அந்த டின்னிலேயே வைத்துக்கொண்டார்.